அறுபது வோற்ஸ் குமிழ்

நேற்றுப் பின்னேரம் காற்று பக்கம் மாறிவிட்டது.
வாடை திரும்பினால் நீர்வேலியில்
வாழைகளுக்குத்தான் முதலில் தெரியும்,
கிழிந்த இலையெல்லாம் தெற்கே பார்த்துப் படபடக்கும்.

விறாந்தை மூலையில், ரீவி வந்த பெட்டிக்குள்
இருபத்தாறு குஞ்சுகள்.
இன்றைக்குப் பதினோராம் நாள்.
செட்டையில் குச்சி குச்சியாய் ஏதோ முளைக்கிறது,
இறகு என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை.
மேலே குமிழ் தொங்குகிறது.
போடவில்லை.

அந்தக் குமிழுக்காகச் சுன்னாகத்தில் ஏழு கடை ஏறினேன்.
"இழை எரியிற குமிழோ? உதை இப்ப ஆர் அக்கா வாங்கீனம்?"
எல்லோரும் எல்ஈடி காட்டினார்கள்.
எரிகிறபோதே தொட்டுப் பார்த்தேன்.
ஒழுங்கை முழுக்கத் தெரியும் வெளிச்சம்,
ஒரு குஞ்சின் முதுகுக்கு உதவாது.
எட்டாவது கடையில் ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.
தூசி ஊதித் தந்தவர்
"உத்தரவாதம் கேக்கக்கூடாது" என்றார்.

மார்கழியில் இன்னொரு ஈடு குஞ்சு இறக்க வேண்டும்.
இப்போதே எரித்து, அதற்குள் இழை அறுந்தால்?

குகதாசனுக்கு வேறு கணக்கு.
மீற்றர் பார்க்கிற பெடியன் செவ்வாய்க்கிழமை வருவான்.
இப்போது ஐம்பத்தேழு யூனிட்.
"அறுபதைத் தாண்டினா விலை வேற.
செவ்வாய் மட்டும் பொறு."
குஞ்சுகளுக்கு அவர் சொல்வதைப் போலவே சொன்னார்,
பெட்டியைப் பார்த்து.

பேர்கனிலிருந்து மச்சாள் சுமங்கலி எடுத்தாள்.
நவம்பர் முதலாம் திகதிக்கு முதல்
ஹீற்றரைத் தொடுவதில்லை என்று புருசனோடு பந்தயமாம்.
தோற்றவர் ஒரு மாதம் கோப்பை கழுவ வேண்டும்.
இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு போர்வை,
மூக்கு மட்டும் வெளியே.
"உங்கை என்னடி குளிர்?" என்று சிரித்தாள்.
போனைப் பெட்டிக்குள் பிடித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"போட்டுவிடடி" என்றாள்.

வெப்பமானி என்று ஒன்று எங்களிடம் இல்லை.
பரவி நின்றால் சரி,
வாயைத் திறந்தால் சூடு,
மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்.
எட்டு மணிக்குப் பரவி நின்றன.
பத்துக்குப் பதின்மூன்று மூலையில், பதின்மூன்று வெளியே.
பாதிக் குளிருக்கு என்ன செய்வது?
படுத்துவிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு விழிப்பு வந்தது,
சத்தம் கேட்டல்ல, கேட்காமல்.
பக்கத்தில் ஆளில்லை.

பெட்டியோடு குந்தியிருந்தார்.
கையில் கேத்தில்.
நடுவில் ஒரு பழைய கோடியல் போத்தல்,
சுடுதண்ணீர் நிரப்பி,
யதுர்சனின் பள்ளிக்கூடச் சொக்ஸுக்குள் இறக்கி,
முழங்கால் வரை இழுத்து.
இருபத்தாறும் அதில் சாய்ந்து கிடந்தன,
பச்சை மூடி போட்ட தாய்.
"யூனிட் இல்லை" என்றார் மெதுவாக,
மீற்றருக்குக் கேட்டுவிடும் என்பது போல.
காஸ் அவருடைய கணக்கில் எப்போதும் வருவதில்லை.
நான் அதைச் சொல்லவில்லை.
சுவிட்சில் வைத்த விரலை எடுத்துக்கொண்டு
பக்கத்தில் இருந்தேன்.

போத்தல் ஒரு மணித்தியாலம்தான் தாங்கும்.
நாலு மணிக்கு என் முறை.
அவர் சுவரில் சாய்ந்து நித்திரை.
கேத்திலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகிற வழியில்,
மழை அப்போதுதான் தகரத்தில் முதல் துளி வைத்தது,
சுவிட்சைப் போட்டேன்.

மஞ்சள். அவருடைய முகத்திலும் கொஞ்சம்.
குஞ்சுகள் ஒவ்வொன்றாய்ப் போத்தலை விட்டு எழும்பி
குமிழுக்குக் கீழே வந்து நின்றன, பரவி.
ஒரு கண்ணைத் திறந்தவர்
"ஐம்பத்தெட்டு" என்றார்.
பிறகு ஆறிப்போன போத்தலை எடுத்து
தன் மடியில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கினார்.

காலையில் யதுர்சன் ஒரு காலோடு நிற்கிறான்.
"அம்மா, என்ரை மற்றச் சொக்ஸ் எங்கை?"